33 எம்பிக்கு மேல் எம்பாத ஹார்ட் டிஸ்க்

எங்கள் வீட்டில் கேமரா பிடிப்பது என் வீட்டுக்காரர், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வது நான். தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் வட்டாரத்தில் கல்யாணம், சடங்கு, சர்ச்சில் பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை, திருவிழா என்று அவர் எடுத்து வருவதையெல்லாம் வெட்டி, கோர்த்து, பாட்டுப் போட்டுக் கொடுப்பது 11 வருடமாக என் வேலை. கடை என்று தனியாகக் கிடையாது. கூடத்தில் தெற்கு ஜன்னலை ஒட்டி ஒரு மேசை, ஒரு சிபியு, பக்கத்தில் கறுப்பு நிறத்தில் 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். ஆல்பம் கொடுத்து முடித்த கல்யாணம், பாதியில் கிடக்கிற கல்யாணம், பையனும் பெண்ணும் பிள்ளை பெற்ற பிறகும் அட்வான்ஸோடு நிற்கிற கல்யாணம் எல்லாம் அதற்குள்தான்.

ஈஸ்டர் முடிந்து கல்யாணங்கள் வரிசை கட்டும் சமயத்தில்தான் அது மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், 61 நாள். படகெல்லாம் கரையில். ஆம்பளைகள் எல்லாம் ஊரில் இருக்கிறார்கள், கல்யாணம் பேசவும் நேரம் இருக்கிறது, "வீடியோ என்னாச்சு" என்று வாசலில் வந்து கேட்கவும் நேரம் இருக்கிறது.

ஒரு கல்யாணத்துக்குச் சுமார் 180 ஜிபி வரும். எடிட் பண்ணுவதற்கு முன் அதை டிஸ்க்கிலிருந்து சிபியுவுக்குள் இருக்கும் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்குக்கு இழுத்து வைத்துக்கொள்வேன். வழக்கமாக காப்பி போட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டை முடித்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால் முடிந்திருக்கும். அன்றைக்கு வந்து பார்த்தால் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மீதி ஒரு மணி நேரம் என்று காட்டியது. சரி, ஏதோ அப்டேட் ஓடுகிறது போல என்று படுத்துவிட்டேன். அடுத்த கல்யாணமும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

முதலில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். வைரஸ் ஸ்கேன் ஓடவிட்டேன், அது பாட்டுக்கு ஒரு ராத்திரி முழுக்க ஓடி "ஒன்றுமில்லை" என்றது. ஊரில் ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினோம். அந்தத் தம்பி, கம்ப்யூட்டருக்குள் எது எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். காப்பி ஓடும்போது டிஸ்க்குக்கு நேராக 100% என்று காட்டியது. "டிஸ்க் திணறுதுக்கா. சாகப்போகுது. புதுசு வாங்கிருங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் அந்த 100 சதவீதத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். டிஸ்க் முழு மூச்சில் உழைக்கிறது என்பதற்கான அளவு அல்ல அது. ஏதோ ஒரு கோரிக்கை எந்நேரமும் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். டோக்கன் கொடுக்கிற ஆள் நன்றாகத்தான் இருப்பார், வாசல் குறுகலாக இருந்தாலும் வரிசை நிற்கத்தானே செய்யும்.

சென்னையில் இருக்கும் கொழுந்தன் கம்ப்யூட்டர் படித்தவன். போனில் கேட்டால், "டீஃப்ராக் பண்ணுங்க அண்ணி" என்றான். டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதைச் சேர்த்து அடுக்குவதற்கு அப்படிப் பெயர். பண்ணினேன். இப்போது யோசித்தால் அதைத்தான் செய்திருக்கக் கூடாது. டிஸ்க் போகப்போகிறது என்ற சந்தேகம் இருக்கும்போது அதன் கையைப் பிடித்து ராத்திரி முழுக்க ஓட்டப்பந்தயம் விடுகிற வேலை அது. உள்ளே இருப்பதைப் பத்திரமாக வேறு இடத்துக்கு எடுத்து வைக்காமல் எந்தப் பரிசோதனையும் கூடாது. மறுநாள் அவர்தான் சத்தம் போட்டார். "முதல்ல கொடுக்காத வேலையை எல்லாம் எடுத்து வேற டிஸ்க்ல போடு, அப்புறம் ஆராய்ச்சி பண்ணு." கொடுக்காத வேலை மட்டும் 412 ஜிபி இருந்தது. இன்னொரு பழைய டிஸ்க்கைத் தேடி எடுத்து, யுபிஎஸ் பேட்டரி தாங்குமா, கரண்ட் போகுமா என்று பயந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றரை மணி நேரம்.

அந்த மூன்றரை மணி நேரம்தான் எனக்கு விஷயத்தைப் பிடித்துக் கொடுத்தது. வேறு வேலை இல்லாமல் அந்தப் பச்சைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விண்டோஸில் காப்பி ஓடும்போது "கூடுதல் விவரம்" என்பதை அழுத்தினால் வேகம் ஒரு வரைபடமாக ஓடும். நானும் 11 வருடமாக அதைப் பார்க்கிறேன், கவனித்ததில்லை. அன்றைக்குக் கவனித்தேன். நொடிக்கு 33 எம்பி, அதாவது மெகாபைட். 33.2. 32.9. 33. கோடு ஒரு தட்டில் நீர் நின்ற மாதிரி சமமாக நின்றது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. 33 எம்பிக்கு மேல் எம்பவே இல்லை. ("எம்பியா, எலெக்‌ஷன் வந்துருச்சா?" என்றார் மாமியார், நான் அவரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு.)

சாகப்போகிற டிஸ்க் இப்படி இருக்காது என்று எனக்குத் தோன்றியது. இதற்கு முன் ஒரு டிஸ்க் எங்களிடம் நிஜமாகவே செத்திருக்கிறது. அதன் வேகம் 90 போகும், சடாரென்று பூஜ்யத்துக்கு விழும், உள்ளே டக், டக் என்று ஒரு சத்தம் வரும், அப்புறம் 40, அப்புறம் பூஜ்யம். படிக்க முடியாத இடத்தில் அது திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், அதனால்தான் அந்த ஏற்ற இறக்கம். இங்கே ஒரு சத்தமும் இல்லை. யாரோ வேகத்துக்கு மேலே ஒரு கூரை போட்டுவிட்டது மாதிரி இருந்தது.

சந்தேகம் தீர கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்து வைத்துக்கொள்ளும் கணக்கை அது எடுத்துக் காட்டும். அதில் நான் பார்ப்பது முக்கியமாக இரண்டு வரி. 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்காக நிறுத்தி வைத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டிலும் பூஜ்யம். மேலே நீலத்தில் "நன்று". ஆக, ஆள் நல்லாத்தான் இருக்கார். அதே பக்கத்தில் எஸ்ஏடிஏ 600 என்று ஒரு வரி இருந்ததைப் பார்த்து, "அப்போ வேகமும் சரியாத்தானே இருக்கு" என்று ஒரு நாள் குழம்பினேன். அது உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கும் அதன் சின்ன போர்டுக்கும் இடையே உள்ள கணக்கு. அங்கிருந்து கேபிள் வழியாக நம் கம்ப்யூட்டருக்கு வரும் கதையை அது சொல்லாது.

கேபிள் வழி என்று யோசித்ததும் 33-க்கு அர்த்தம் கிடைத்துவிட்டது. யூஎஸ்பி 2.0 என்பது 2000-இல் வந்தது. அதன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். பிட்டை எட்டால் வகுத்தால்தான் எம்பி, அதாவது 60. அதிலும் போக்குவரத்துச் செலவு, கேள்வி பதில், ஒழுங்கு எல்லாம் கழிந்து நிஜத்தில் கையில் கிடைப்பது 30-லிருந்து 40 எம்பி. 2008-இல் வந்த யூஎஸ்பி 3.0-இன் வேகம் 5 ஜிகாபிட், பத்து மடங்கு. என் டிஸ்க் மாதிரி நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றும் சின்ன டிஸ்க்கால் 100, 120 எம்பிக்கு மேல் தானாகவே போக முடியாது, ஆக 3.0 அதற்குத் தாராளம். என் டிஸ்க் 3.0. என் கம்ப்யூட்டரில் நீலப் போர்ட் இருக்கிறது, அதுவும் 3.0. ஆனால் இரண்டும் கைகுலுக்கும்போது பழைய பாஷையில் பேசிக்கொள்கின்றன. ஏன்?

இங்கிருந்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். கொழுந்தனிடம் கேட்கவில்லை.

முன்பக்கப் போர்ட்டிலிருந்து பின்பக்கத்து நீலப் போர்ட்டுக்கு மாற்றினேன். முன்பக்கப் போர்ட் மதர்போர்டிலிருந்து ஒரு வயரில் தொங்கிக்கொண்டு வரும், பின்பக்கம் நேராக மதர்போர்டிலேயே இருக்கும், அதனால் எப்போதும் பின்பக்கம் நம்பகமானது. 33. அதே போர்ட்டில் அவருடைய புது பென்டிரைவைச் செருகிப் படித்தேன், 90 தாண்டியது. போர்ட் நல்ல பிள்ளை. பக்கத்து வீட்டு லேப்டாப்பில் என் டிஸ்க்கை மாட்டினேன். 33. ஆக, தப்பு என் கம்ப்யூட்டரில் இல்லை, விண்டோஸில் இல்லை, வைரஸில் இல்லை. டிஸ்க்கோடும் கேபிளோடும் சேர்ந்தே அது வீடு வீடாக வருகிறது.

இந்த இடத்தில் அந்தக் கேபிளின் வாயைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். டிஸ்க்கில் செருகும் முனை ஒரு மாதிரி தட்டையாக, நடுவில் ஒரு வெட்டோடு, அகலமாக ஒரு பாதி, ஒடுக்கமாக ஒரு பாதி என்று இருக்கும். அகலப் பாதி வேறொன்றுமில்லை, நம் பழைய போன் சார்ஜர் முனையேதான். அதில் ஐந்து பின். பழைய 2.0 வேகத்துக்கு அது போதும். ஒடுக்கப் பாதியில் இருக்கும் இன்னொரு ஐந்து பின்தான் 3.0-க்காகப் பின்னால் சேர்த்தது. அந்த ஐந்து செத்தாலும் மற்ற ஐந்து உயிரோடு இருந்தால் டிஸ்க் வேலை செய்யும். ஒரு எச்சரிக்கையும் வராது. பாதி உடம்பில் வாதம் வந்த ஆள் மாதிரி, மெதுவாக, வாயைத் திறக்காமல்.

சோதிக்க ஒரு குறும்பு செய்தேன். மேசை இழுப்பறையில் கிடந்த பழைய போன் கேபிளை எடுத்து டிஸ்க்கின் அகலப் பக்கத்து ஓட்டையில் செருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. டிஸ்க் சுற்றியது. காப்பி போட்டேன். 33. ஒரு புள்ளி மாற்றம்கூட இல்லை. அந்தத் தடிமனான நீல முனைக் கேபிளும் அறுபது ரூபாய் போன் கேபிளும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்திருக்கின்றன. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தைப் பார்த்து, பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவர் டீ போடச் சொன்னார்.

புதுக் கேபிள் இங்கே கிடைக்கவில்லை. சார்ஜர் கேபிள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், இந்த இரட்டை முனை கிடைக்காது. ராமநாதபுரம் பஸ் ஏறினேன். பாம்பன் பாலத்தில் பஸ் மெதுவாகப் போகும்போது பக்கத்தில் இரண்டு ரயில் பாலமும் தெரிந்தது. 1914-இல் திறந்த பழையது ஒரு பக்கம் சும்மா நின்றது, துருவுக்குப் பயந்து 2022 டிசம்பரிலேயே அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுசு ஒரு பக்கம் பளபளவென்று இருந்தது. அதைத் தாண்டும்போதாவது எனக்கு மூளை வேலை செய்திருக்கவேண்டும். செய்யவில்லை. கேபிள் வயர் உள்ளே அறுந்திருக்கும் என்றே நினைத்துக்கொண்டு போனேன்.

புதுக் கேபிளை மாட்டியதும் 105 எம்பி காட்டியது. நான் கையைத் தட்டிவிட்டேன். இரண்டு நிமிடம் இருக்கும். டிடிங் என்று டிஸ்க் பிரிந்த சத்தம், உடனே மறுபடி டிடிங் என்று சேர்ந்த சத்தம். காப்பி நின்றுபோயிருந்தது. திரும்பப் போட்டால் 33. கேபிளைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தால் 100. விட்டால் 33.

எதிர் வீட்டில் ஒரு தம்பி இருக்கிறார். விசைப்படகுகளில் ஜிபிஎஸ், ஆழம் காட்டும் எக்கோ, ஒயர்லெஸ் செட் எல்லாம் பார்ப்பது அவர் தொழில். தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றிப் பெயின்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்துப் போடும்போது அவருக்கும் வேலை குவியும். அன்றைக்குத் திண்ணையில் நாலைந்து செட்டைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தார். டிஸ்க்கையும் இரண்டு கேபிளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கவே இல்லை. போன் டார்ச்சைப் போட்டு, வாட்ச் கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடியை வைத்து ஓட்டைக்குள் பார்த்தார்.

"அக்கா, இந்த டிஸ்க்கு கடலுக்குப் போயிருக்கா?"

"டிஸ்க்கு எதுக்குத் தம்பி கடலுக்குப் போகுது?"

"போயிருக்கு. வந்து பாருங்க."

பார்த்தேன். ஒடுக்கப் பக்கத்தில் ஐந்து பின்னில் மூன்றின் ஓரத்தில் பச்சையாக, பாசி பிடித்தது மாதிரி மெல்லிய களிம்பு. இரும்புக் கூட்டின் உதட்டில் செம்மண் நிறத்தில் துரு. பழைய கேபிளின் முனையிலும் அதே இடத்தில் அதே பச்சை. ஒன்று மற்றொன்றுக்கு ஒட்டவைத்திருக்கிறது.

அப்புறம்தான் எனக்கு நினைவு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கும் ஜோடிப் படங்களுக்கு இப்போது எல்லோருக்கும் தனுஷ்கோடி வேண்டும், அதிலும் அரிச்சல்முனை வேண்டும். அவர் லேப்டாப்பையும் இந்த டிஸ்க்கையும் தோள்பையில் போட்டுக்கொண்டு போவார். மெமரி கார்டு நிறைந்ததும் அங்கேயே மணலில் துண்டை விரித்து டிஸ்க்கில் இறக்கிக்கொள்வார். இரண்டு பக்கமும் கடல், காற்றில் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்த் தூறல். டிஸ்க் ஒரு தடவைகூடக் கடலில் விழவில்லை. தேவையும் இல்லை. வீட்டுக்கு வந்தாலும் அது இருப்பது தெற்கு ஜன்னல் ஓரம், மே மாதச் சோளகக் காற்று நேராக முகத்தில் அடிக்கும் இடம். அந்த ஜன்னலின் கொண்டியை இரண்டு முறை மாற்றியிருக்கிறோம். கொண்டிக்கு ஆனது டிஸ்க்குக்கு ஆகாது என்று நான் எப்படி நினைத்தேனோ.

தம்பி வேலை செய்துகொண்டே சொன்னார். உப்பு சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றும் செய்யாது, ஈரம் சேர்ந்தால்தான் தின்னும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். அடுப்படி உப்பு ஜாடி ராத்திரியில் கசிவதை நாம் பார்க்கிறோம், பின்னுக்குள் கசிவதைப் பார்ப்பதில்லை. பின்னுக்கு மேலே தங்க முலாம் உண்டு, தங்கத்தை உப்பு தொடாது. ஆனால் அந்த முலாம் தலைமுடியின் தடிமன்கூட இல்லாத பூச்சு. ஒரு நாளைக்கு நாலு தடவை செருகி எடுத்தால் தேய்ந்து அடியில் இருக்கும் செம்பு எட்டிப் பார்க்கும். அப்புறம் பச்சைதான். "போட்டு செட்டுல இது தினம் பாக்குறதுதான். ஜிபிஎஸ் போயிருச்சும்பாங்க. ஜிபிஎஸ் நல்லாருக்கும். ஆன்டனா மூட்டுல பூத்திருக்கும்."

செம்புக் களிம்பு என்றதும் நான் புளி கொண்டுவரட்டுமா என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, கோயில் குத்துவிளக்கா தேய்க்கப்போறோம்?"

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். டிஸ்க் எதிலும் மாட்டப்படாமல் இருந்தது. ஒரு தென்னை ஈர்க்குச்சியின் நுனியைச் சீவி, கண்ணாடி துடைக்கும் துணியில் நூல் பிரியாத ஒரு துண்டை அதில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றினார். அதை மொபைல் சர்வீஸ் கடைகளில் வைத்திருக்கும் ஐபிஏ ஆல்கஹாலில் தொட்டு, உதறி, ஓட்டைக்குள் விட்டு முன்னும் பின்னும் இழுத்தார். பக்கவாட்டில் தேய்க்கவில்லை, பின் வளைந்துவிடுமாம். முதல் தடவை வெளியே வந்த துணியில் பச்சையும் கறுப்புமாக ஒரு கோடு. துணியை மாற்றினார். நாலாவது துணி வெள்ளையாக வந்ததும் நிறுத்தினார். பின்களைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை ஓட்டைக்குள் நேராக அடிக்கவில்லை, அது வழிந்து உள்ளே போர்டுக்குப் போகும் என்றார். குச்சியில் அடித்துத் தடவினார். பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும், தொடவே கூடாது. டிஸ்க்கின் மூடியைத் திறக்கும் பேச்சே வரவில்லை, வரவும் கூடாது. பழைய கேபிளைத் தூக்கிக் குப்பையில் போட்டார். நான் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று கை நீட்டினேன். "அந்தப் பூச்சியை மறுபடி வீட்டுக்குள்ள விடாதீங்க" என்றார். அரை மணி நேரம் ஃபேன் காற்றில் காயவிட்டு எடுத்துவந்தேன்.

112 எம்பி. கேபிளை ஆட்டினேன், இழுத்தேன், 112. 180 ஜிபி கல்யாணம் 27 நிமிடத்தில் உள்ளே வந்து சேர்ந்தது. சரியாகப் பாத்திரம் கழுவும் நேரம்.

ஆனால் மவுஸ் போய்விட்டது. வயர் இல்லாத மவுஸ் அது, காப்பி ஓடும்போது திரையில் அம்பு தள்ளாடித் தள்ளாடி நின்று நின்று போனது. ஒன்றைச் சரிசெய்தால் ஒன்று போகிறதே என்று பேட்டரி மாற்றினேன், கீழே பாய் மாற்றினேன். கொழுந்தனிடம் சொன்னேன், அவன் இந்த முறை சரியாகவே சொன்னான். யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு இரைச்சலைக் கிளப்பும், மவுஸும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது, அதன் சிக்னலை வாங்கும் குட்டி டாங்கிளை நான் டிஸ்க் போர்ட்டுக்கு ஒட்டியே செருகி வைத்திருக்கிறேன். இத்தனை நாள் டிஸ்க் 2.0-இல் ஓடியதால் அந்த இரைச்சலே இல்லை. டாங்கிளை முன்பக்கம் மாற்றினேன், மவுஸ் ஒழுங்காக நடந்தது. அன்றிலிருந்து எனக்கு அது ஒரு அளவுகோல். டாங்கிளைப் பின்னால் செருகிப் பார்ப்பேன். மவுஸ் தள்ளாடினால் டிஸ்க் நலம்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் களிம்பு போனபிறகும் ஒரு நாள் வேகம் விழுந்ததைப் பார்த்துப் பதறினேன். டிஸ்க்கிலிருந்து எடுக்கும்போது 112 வருகிறது. டிஸ்க்குக்குள் பெரிதாக எழுதும்போது கொஞ்ச நேரம் நன்றாகப் போய்விட்டு அப்புறம் 20, 50, 15 என்று தடுமாறுகிறது. இது வியாதி இல்லை, இந்த மாதிரி சின்ன 2 டிபி டிஸ்க்குகள் பலவற்றின் பிறவிக் குணம். நம் ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். இடம் மிச்சம் பிடிக்க, எழுதும் தடங்களை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் விளிம்பில் ஒன்று ஏற்றி வைத்திருப்பார்கள். படிக்க ஒரு சிரமமும் இல்லை. நடுவில் ஒரே ஒரு ஓடு மாற்றவேண்டும் என்றால்தான் அதை அடுத்து அடுக்கிய ஓடுகளையும் பிரித்து அடுக்கவேண்டும். அதனால் முதலில் வருவதை ஒரு ஓரமாக வாங்கி வைத்துக்கொண்டு, பின்னால் சாவகாசமாக அடுக்கும். ஓரம் நிறைந்துவிட்டால் மூச்சு வாங்கும். அப்போது அதை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கவேண்டும், கேபிளைப் பிடுங்கக் கூடாது. அதேபோல 4000 போட்டோ இருக்கும் போல்டர் ஒரே பெரிய வீடியோவைவிட எப்போதும் மெதுவாகத்தான் போகும். ஒவ்வொரு போட்டோவுக்கும் டிஸ்க்கின் கை எழுந்து வேறு இடத்துக்குப் போகவேண்டும், தட்டு ஒரு சுற்றுச் சுற்றவே 11 மில்லி நொடி ஆகிறது. இதற்கெல்லாம் களிம்பைத் தேடிக் குச்சி எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

டிஸ்க் இப்போது ஜன்னல் ஓரத்தில் இல்லை. மாமியாரின் முறுக்கு டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டேன், இறுக மூடும் மூடி. உள்ளே செருப்புப் பெட்டி, மருந்து டப்பா என்று கண்ட இடத்தில் சேர்த்த, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகள் பத்து. அரிச்சல்முனைக்கு இனி டிஸ்க் போகாது, கூடுதலாக இரண்டு மெமரி கார்டு வாங்கிவிட்டார். மாமியார் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "முறுக்கு வைக்க டப்பா இல்ல, கம்ப்யூட்டரை வச்சிருக்கா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தம்பிக்கு என்ன கொடுப்பது என்று கேட்டேன். காசு வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் ஈர்க்குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க பாப்பா புதுநன்மை வீடியோ ஒண்ணு போன வருஷம் அண்ணன் எடுத்தாரு. அது அந்த டிஸ்க்குலதான் கிடக்குதுன்னு சொன்னீங்க. டிஸ்க்கு ஸ்லோவா இருக்குன்னு சொன்னீங்க" என்றார்.

ஆமாம், சொல்லியிருந்தேன். அந்த போல்டரை நேற்று எஸ்எஸ்டிக்கு இழுத்தேன். 38 ஜிபி, ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. இன்றைக்குச் சாயங்காலம் பாப்பா வாசலில் வந்து நின்று, "பெரியம்மா, முடிஞ்சுருச்சா?" என்றாள்.